விண்டோலாண்டா: சேறு காத்துக்கொடுத்த எல்லைக் கோட்டை

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். "பிரிட்டனின் வடக்கே ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவர் இருக்கிறது. அதற்குத் தெற்கே ஒதுங்கி நிற்கும் விண்டோலாண்டா என்ற கோட்டையைப் பற்றி ஆய்வாளர்கள் ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்? அங்கே பெரிய போர் ஏதாவது நடந்ததா?"

பெரிய போர் நடந்ததாக எந்தப் பழைய நூலும் சொல்லவில்லை. அங்கிருந்து வெளிவந்தவற்றில் பெரும்பகுதி குப்பை. படை இடம்மாறியபோது கொளுத்திப் போட்ட கடிதங்கள், அடிப்பகுதி தேய்ந்த செருப்புகள், உடைந்த மரச்சாமான், கிழிந்த கூடாரத் தோல், தரையில் பரப்பியிருந்த வைக்கோல். வேண்டாம் என்று விட்டுச் சென்ற இந்தப் பொருள்கள்தான், பேரரசின் கடைசி எல்லையில் மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை எந்த வரலாற்றாசிரியரும் எழுதி வைக்காத நெருக்கத்தில் நமக்குக் காட்டுகின்றன. நான் இந்தக் கோட்டையைப் பற்றிப் படிக்கத் தொடங்கியது அதன் மதில்களுக்காக. இன்று வரை விடாமல் படித்துக்கொண்டிருப்பது அந்தக் குப்பைக்காக.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் பார்டன் மில் என்ற சிற்றூருக்கு அருகில் விண்டோலாண்டா இருக்கிறது. கிழக்கே கார்பிரிட்ஜையும் மேற்கே கார்லைலையும் இணைத்த ஸ்டேன்கேட் என்ற ரோமானியச் சாலை கோட்டையை ஒட்டியே போகிறது. அந்தச் சாலையின் மைல்கல் ஒன்று இன்றும் நட்ட இடத்திலேயே நிற்கிறது. ஹேட்ரியன் சுவர் இங்கிருந்து வடக்கே சுமார் ஒன்றரை கிலோமீட்டர். சுவரைக் காக்கக் கட்டிய துணைக் கோட்டை இது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் சுவர் வேலை தொடங்கியது கி.பி. 122-இல். விண்டோலாண்டாவில் முதல் கோட்டை எழுந்தது 85-ஐ ஒட்டி. சுவரைக் கட்டத் திட்டமிட்ட காலத்தில் இந்தக் கோட்டைக்கு ஒரு தலைமுறைக்கு மேல் வயதாகியிருந்தது.

'கோட்டை' என்று ஒருமையில் சொல்வதும் அவ்வளவு சரியில்லை. ஒரே மேட்டில், ஒன்றை இடித்து அதன்மேல் மற்றொன்றாக, ஒன்பது கோட்டைகள் எழுந்திருக்கின்றன. இன்று போய்ப் பார்ப்பவர்களின் கண்ணில் படும் கல் அடித்தளங்கள் பெரும்பாலும் கி.பி. மூன்றாம், நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றுக்குக் கீழே, சில இடங்களில் நான்கு மீட்டருக்கும் மேலான ஆழம் வரை, மரக் கோட்டைகள் அடுக்கடுக்காகப் புதைந்திருக்கின்றன. முதலில் வந்தவர்கள் இன்றைய பெல்ஜியத்தின் தோங்கெரன் பகுதியைச் சேர்ந்த துங்கிரியர்கள். ஏறத்தாழ பத்தாண்டுக்குள் அதை இடித்துப் பெரிதாகக் கட்டினார்கள். பிறகு ரைன் நதி கடலில் கலக்கும் தாழ்நிலத்திலிருந்து பட்டாவியர்களின் ஒன்பதாம் படைப்பிரிவு வந்தது. அவர்கள் போனபின் துங்கிரியர்கள் திரும்பி வந்தார்கள். மூன்றாம் நூற்றாண்டில் கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டவரின் நான்காம் பிரிவு. இத்தாலியில் பிறந்த ரோமானியச் சிப்பாயை இங்கே தேடினால் கிடைப்பது அரிது. பேரரசு தான் வென்ற ஒரு நாட்டின் ஆண்களைக் கொண்டு, வென்ற இன்னொரு நாட்டைக் காவல் காத்தது.

மண்ணில் நட்ட மரத்தூண் அந்த ஈர நாட்டில் சில ஆண்டுகளிலேயே உளுத்துவிடும். படைப்பிரிவு மாறும்போது பழைய கட்டடங்களைச் சாய்த்து, மேலே களிமண்ணையும் புல்கரணைகளையும் கொட்டிச் சமன்செய்துவிட்டு, புதிதாகக் கட்டுவார்கள். அந்தக் களிமண் அடுக்கு மூடி போட்டதுபோல் அமர்ந்துவிட்டது. கீழே எப்போதும் ஈரம், காற்று புகுவதில்லை. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் மரத்தையும் தோலையும் துணியையும் தின்னும் நுண்ணுயிர்கள் பிழைக்க முடியாது. எகிப்தில் வறண்ட மணல் செய்த காவலை இங்கே சேறு செய்தது. தோண்டும்போது அந்த அடுக்கில் விவியனைட் என்ற இரும்புக் கனிமம் பளிச்சென்ற நீலத்தில் படிந்திருப்பதைக் காணலாம். நீலம் தெரிந்தால் அங்கே தோண்டுகிறவர்கள் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் வேலை செய்யத் தொடங்குவார்கள்.

இதைக் கண்டுபிடித்த குடும்பத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. எரிக் பேர்லி என்ற தொல்லியலாளர் 1929-இல் இந்த நிலத்தையே விலைக்கு வாங்கினார். அவருடைய மகன் ராபின் பேர்லி, 1970-இல் விண்டோலாண்டா அறக்கட்டளை தொடங்கியபின் அகழாய்வை முன்னின்று நடத்தினார். இன்னொரு மகன் ஆண்டனி பேர்லி ரோமானிய வரலாற்றில் பெரிய அறிஞர். இன்று அகழாய்வை நடத்துபவர் ராபினின் மகன் ஆண்ட்ரூ. மூன்று தலைமுறையாக ஒரே மேட்டில் ஒரே குடும்பம். ஒவ்வோர் ஆண்டும் பல நூறு தன்னார்வலர்கள் பணம் கட்டிக்கொண்டு வந்து சேற்றில் முழங்கால் மடக்கித் தோண்டுகிறார்கள். ஊரின் பெயர் விண்டோலாண்டாதான் என்று உறுதிப்படுத்திய கல் 1914-இல் கிடைத்தது. வல்கன் என்ற நெருப்புக் கடவுளுக்கு 'விண்டோலாண்டா ஊரார்' எடுத்த பலிபீடம் அது. கோட்டைக்கு வெளியே ஓர் ஊர் இருந்தது, அந்த ஊர் மக்களுக்குத் தங்களை ஊராராக உணரும் எண்ணமும் இருந்தது என்பதற்கு அந்தக் கல் சாட்சி.

1973 மார்ச் மாதம். மழைநீர் வடிய ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தபோது, இழைப்புளி சீவிப்போட்ட சுருள் போன்ற இரண்டு மெல்லிய மரத்துண்டுகள் ஒட்டியபடி கிடைத்தன. ராபின் பேர்லி அவற்றைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே மையால் எழுதிய கோடுகள். காற்றுப் பட்டதும் மரம் கறுத்து, எழுத்து கண்ணுக்குத் தெரியாமல் மங்கிப்போனது. நியூகாசில் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் புகைப்பட வேலை பார்த்த அலிசன் ரதர்ஃபோர்ட் அகச்சிவப்புக் கதிரில் படமெடுத்த பிறகுதான் அது மீண்டும் தெரிந்தது. மையில் இருந்த கரி அந்தக் கதிரை உறிஞ்சிக் கறுப்பாகவே நின்றது. சுற்றியிருந்த மரம் வெளுத்துக் காட்டியது.

அதுவரை ரோமானியரின் மரப்பலகை என்றாலே மெழுகு பூசி எழுத்தாணியால் கீறும் பலகைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். இவை வேறு வகை. பூர்ச்சம், ஆல்டர் போன்ற மரங்களை மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவாகச் சீவி, அஞ்சலட்டை அளவுக்கு வெட்டி, நடுவில் மடித்து, உள்பக்கம் மையால் எழுதி, வெளிப்பக்கம் முகவரி போடுவார்கள். ஓலை எழுதிய நமக்கு இது சட்டென்று புரியக்கூடிய பொருள்: அந்தந்த ஊரில் எளிதில் கிடைப்பதில்தான் மனிதன் எழுதுகிறான். இதுவரை 1,700-க்கும் மேற்பட்ட ஏடுகளும் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆலன் பௌமன், டேவிட் தாமஸ் ஆகிய இருவரும் பல்லாண்டுகள் உட்கார்ந்து அவற்றைப் படித்துக் கொடுத்தார்கள். எழுத்துக்கும் கிறுக்கலுக்கும் வித்தியாசம் தெரியாத அந்தக் கையெழுத்துகளைப் படிப்பது எவ்வளவு கடினம் என்பதை, ஒரே ஓர் ஏட்டின் படத்தைப் பார்த்தாலே உணர்ந்துகொள்ளலாம்.

அந்த ஏடுகளில் என்ன இருந்தது? முதலில் படித்தவற்றில் ஒன்று, யாரோ ஒருவர் ஒரு சிப்பாய்க்கு அனுப்பிய பொதியின் விவரம். காலுறைகள், இரண்டு சோடி செருப்பு, இரண்டு உள்ளாடை. எழுதியவர் பெயரும் பெற்றவர் பெயரும் அழிந்துபோயின. குளிரில் கிடக்கும் ஒருவனை நினைத்து, அவன் காலுக்கும் இடுப்புக்கும் என்ன வேண்டும் என்று யோசித்த அந்த அக்கறை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

எனக்கு எல்லாவற்றிலும் முதன்மையானதாகத் தோன்றுவது ஒரு வருகைக் கணக்கு. ஜூலியஸ் வெரெகுண்டஸ் தலைமையிலிருந்த முதலாம் துங்கிரியப் பிரிவு, 90-களில் ஏதோ ஓர் ஆண்டின் மே 18 அன்று எடுத்த கணக்கு அது. ஏட்டில் பேர் இருந்தவர்கள் 752. அவர்களில் வெளியே போயிருந்தவர்கள் 456. கோரியாவில், அதாவது இன்றைய கார்பிரிட்ஜில், 337 பேர். மாகாண ஆளுநரின் மெய்க்காவலுக்கு 46 பேர். லண்டனில் ஒரு நூற்றுவர் தலைவர். கோட்டையில் மிச்சம் 296 பேர். அவர்களில் நோயாளிகள் 15, காயம்பட்டவர்கள் 6, கண்ணழற்சியால் அவதிப்பட்டவர்கள் 10. இவர்கள் 31 பேரையும் கழித்தால் வேலைக்குத் தகுதியானவர்கள் 265.

இந்த ஒரு ஏடு பாடநூல்களை எத்தனை இடத்தில் திருத்துகிறது என்று பாருங்கள். ஒரு கோட்டைக்கு ஒரு படைப்பிரிவு, அது முழுதாக உள்ளே அணிவகுத்து நிற்கும் என்றுதான் வரைபடங்களில் கட்டம் போட்டுக் காட்டுவார்கள். இங்கோ பட்டியலில் உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கு ஆட்களே கையில் இருக்கிறார்கள். ஆறு நூற்றுவர் தலைவர்களில் ஒரே ஒருவர்தான் கோட்டையில். அப்படியானால் அந்த எல்லை சுவரைப்போல் இறுகி நின்ற எல்லை அல்ல. ஆட்கள் ஓயாமல் போவதும் வருவதுமாக அசைந்துகொண்டிருந்த எல்லை. கண்நோய்க்கென்று தனியாக ஒரு வரி எழுதியிருக்கிறார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. புகை அடைந்த மரக் குடில்கள், நெருக்கம், ஈரம். வெட்டுக்காயத்தைவிடக் கண் எரிச்சலுக்கே அதிகம் பேர் படுத்திருந்த கோட்டை இது.

அதற்காக அங்கே ஆபத்தே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 'போரில் கொல்லப்பட்டவர்' என்று பொறித்த ஒரு கல்லறைக் கல் விண்டோலாண்டாவிலேயே கிடைத்திருக்கிறது. துங்கிரியப் பிரிவின் நூற்றுவர் தலைவரான டைட்டஸ் ஆன்னியஸுடைய கல் அது. உள்ளூர் மக்களைப் பற்றி ஓர் ஏடு குறிப்பு எடுத்திருக்கிறது: கவசம் இல்லாதவர்கள், குதிரைப்படை நிறைய உண்டு, வாள் பயன்படுத்துவதில்லை, வேல் எறியக் குதிரைமேல் ஏறி அமர்வதில்லை. அந்தக் குறிப்பில் அவர்களைச் சுட்ட வரும் லத்தீன் சொல் 'பிரிட்டுங்குலி'. தமிழில் 'பிரிட்டன் பயல்கள்' என்றால் அந்த இளக்காரம் சரியாக வந்துவிடும். இதை எழுதியவரும் ரோமுக்கு அந்நியர், அநேகமாக ஒரு பட்டாவியரோ துங்கிரியரோ. அவருடைய பாட்டனைப் பற்றியும் ஒரு ரோமானிய அதிகாரி இதே தொனியில்தான் எழுதியிருப்பார். இரண்டு தலைமுறைக்குள் அந்தத் தொனி அவர் பேனாவுக்கு வந்துவிட்டது.

பட்டாவியர்களின் கதையே அப்படிப்பட்டது. கி.பி. 69, 70-இல் அவர்கள் ரோமுக்கு எதிராகப் பெரும் கலகம் செய்தார்கள். அதை அடக்கிய தளபதி பெட்டில்லியஸ் செரியாலிஸ். முப்பது ஆண்டுகள் கழித்து விண்டோலாண்டாவில் பட்டாவியப் படைக்குத் தலைவராக இருந்தவரின் பெயர் பிளாவியஸ் செரியாலிஸ். கலகத்தின்போது ரோமின் பக்கம் நின்ற ஒரு பட்டாவியப் பிரபு, குடியுரிமை பெற்று, தன் மகனுக்கு வென்ற தளபதியின் பெயரையே வைத்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மாஸ்குலஸ் என்ற குதிரைப்படை அதிகாரி இவருக்கு எழுதிய கடிதத்தில் 'தம் அரசருக்கு' என்று விளிக்கிறார். ரோமானியப் படையில் மேலதிகாரியை அரசர் என்று அழைக்கும் வழக்கமில்லை. அவர் ஊரில் உண்மையிலேயே அரச வழியில் வந்தவராக இருக்கலாம். நாளை நாங்கள் அனைவரும் திரும்ப வேண்டுமா, பாதிப் பேர் மட்டுமா என்று கேட்டுவிட்டு, கடிதத்தின் முடிவில் மாஸ்குலஸ் எழுதுகிறார்: என்னுடன் இருக்கும் வீரர்களுக்கு பீர் இல்லை, கொஞ்சம் அனுப்பச் சொல்லுங்கள். திராட்சை மது அருந்திய ரோமின் படை, வடக்கே பார்லி பீரில் ஓடிக்கொண்டிருந்தது.

செரியாலிஸின் மனைவி சுல்பிசியா லெபிடினா. அவருக்குப் பக்கத்துக் கோட்டை ஒன்றின் தலைவருடைய மனைவி கிளாடியா செவெரா எழுதிய அழைப்புதான் விண்டோலாண்டா ஏடுகளிலேயே புகழ்பெற்றது. கி.பி. 100-ஐ ஒட்டியது. செப்டம்பர் 11 என் பிறந்தநாள், நீ வந்தால் அந்த நாள் எனக்கு இன்னும் இனிதாகும், செரியாலிஸுக்கு என் வணக்கம், என் கணவர் ஏலியஸும் குட்டி மகனும் வணக்கம் சொல்கிறார்கள் என்று எழுத்தர் ஒருவர் அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறார். அதன் கீழே கொஞ்சம் கோணலான இன்னொரு கையெழுத்து வருகிறது. அது செவெராவின் சொந்தக் கை. உன்னை எதிர்பார்த்திருப்பேன், நலமாக இரு, என் உயிரே, என் அன்பே என்ற பொருளில் சில வரிகள். பெண் ஒருவர் தம் கையால் எழுதிய லத்தீனில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையவற்றுள் அது ஒன்று.

அந்த வரிகளில் இரண்டு முறை 'சோரோர்' என்று அழைக்கிறார். உடன்பிறந்தவள் என்று பொருள். தமிழில் பெயர்க்க முயன்றபோது எனக்கு இங்கே தடை விழுந்தது. அக்கா என்பதா, தங்கை என்பதா? லத்தீன் அதைச் சொல்லவில்லை. நம் மொழி கேட்காமல் விடுவதில்லை. இரத்த உறவு இல்லாத தோழிகள் அவர்கள் என்பதே ஆய்வாளர்களின் கருத்து. யார் மூத்தவர் என்று தெரியாத இரண்டு பெண்கள், கணவர்களின் வேலை நிமித்தம் மழையும் காற்றும் ஓயாத மலைநாட்டில் இருக்கிறார்கள். பேசக்கூடிய நிலையிலுள்ள இன்னொரு பெண் பல மைல் தள்ளி இருக்கிறாள். 'என் உயிரே' என்ற சொல்லை எழுத்தரிடம் சொல்லி எழுதவைக்க செவெராவுக்குத் தோன்றவில்லை. பேனாவைத் தாமே வாங்கிக்கொண்டார்.

செரியாலிஸின் வீட்டில் சிறுவன் ஒருவன் பாடம் எழுதிய ஏடும் இருக்கிறது. வெர்ஜில் எழுதிய ஈனியட் காவியத்தின் ஒன்பதாம் பாகத்திலிருந்து ஒரு வரி. அடுத்து வேறு கையில் மூன்று நான்கு எழுத்துகள். 'சோம்பலாக எழுதியிருக்கிறாய்' என்ற ஆசிரியரின் குறிப்பு அது என்று படிக்கிறார்கள்.

வியாபாரிகளும் இந்த ஏடுகளில் வந்துபோகிறார்கள். ஆக்டேவியஸ் என்பவர் காண்டிடஸ் என்பவருக்கு எழுதுகிறார்: 5,000 மோடியஸ் (ரோமானியத் தானிய அளவை) தானியம் வாங்கியிருக்கிறேன், உடனே குறைந்தது 500 தெனாரியஸ் (ரோமானிய வெள்ளி நாணயம்) அனுப்பு, அனுப்பாவிட்டால் அச்சாரமாகக் கொடுத்த 300 போய்விடும், எனக்கும் தலைக்குனிவு. கேட்டரிக் என்ற ஊரில் தோல்கள் கிடக்கின்றன, போய் எடுத்து வந்திருப்பேன், சாலைகள் மோசமாக இருப்பதால் வண்டி இழுக்கும் விலங்குகளை வருத்த விரும்பவில்லை. ரோமானியச் சாலைகளின் பெருமையைப் பேசும் எவரும் இந்தக் கடைசி வரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மனத்தை அழுத்தும் ஏடு ஒன்றும் இருக்கிறது. கடல் கடந்து வந்த ஒரு வியாபாரி, தன்னைப் பிரம்பால் இரத்தம் வர அடித்துவிட்டார்கள் என்று மேலிடத்துக்கு எழுதிய முறையீட்டின் வரைவு. நான் குற்றமற்றவன், கடல் கடந்து வந்தவன், என் நேர்மையை விசாரித்துக்கொள்ளுங்கள் என்கிறார். கீழதிகாரி எவரும் தன் பேச்சைக் கேட்கவில்லை என்பதும் அதில் இருக்கிறது. அதே ஏட்டின் மறுபக்கத்தில் அதே கையெழுத்தில் கோதுமைக் கணக்கு. அடி வாங்கிய மனிதர், கணக்கெழுதிய ஏட்டைத் திருப்பிப்போட்டு நீதி கேட்டிருக்கிறார். 'கடல் கடந்து வந்தவன்' என்று அவர் சொல்லிக்கொள்வதில் ஓர் உட்பொருள் இருக்கிறது: உள்ளூர்க்காரனை அடிப்பதுபோல் என்னை அடிக்கலாமா என்பதுதான் அது. பிரிட்டன் மக்களின் குரல் இந்த 1,700 ஏடுகளில் எங்கும் நேரடியாக ஒலிப்பதில்லை. இந்த ஒரு வரியில்தான், அவர்கள் பட்ட பாட்டை மறைமுகமாகக் கேட்கிறேன்.

தமிழ் வாசகர்கள் தேடிப் பார்க்க வேண்டிய ஏடு, சிப்பாய்கள் வாங்கிய பொருள்களின் பற்றுக்கணக்கு. அதில் தப்போவின் மகன் காம்பாக்ஸ் என்பவர் பெயரில் 'மிளகு, 2 தெனாரியஸ்' என்று ஒரு வரி. ரோமில் கருமிளகு ஒரு ரோமானிய ராத்தல் 4 தெனாரியஸ் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். அந்த விலைக்கே கிடைத்திருந்தாலும் காம்பாக்ஸுக்குக் கிடைத்தது 160 கிராம் அளவுதான். அந்தக் காலத்தில் குடியுரிமை பெற்ற, லெஜியன் என்ற முதன்மைப் படையின் வீரனுக்கே ஆண்டுச் சம்பளம் 300 தெனாரியஸ். துணைப்படைச் சிப்பாய்க்கு அதைவிடக் குறைவு. அன்று உலகச் சந்தைக்குக் கருமிளகு போனது சேர நாட்டு மலைகளிலிருந்து. யவனர் கப்பல்கள் பொன்னோடு வந்து கறியோடு திரும்பியதை முசிறியைப் பாடும் அகநானூற்றின் 149-ஆம் பாட்டு சொல்கிறது. கறி என்றால் மிளகு. அந்தக் கறி பருவக்காற்றில் செங்கடல் துறைமுகங்களுக்குப் போய், ஒட்டகத்தில் பாலைவனம் தாண்டி, நைல் நதியில் இறங்கி, அலெக்சாண்டிரியாவில் கப்பல் மாறி, கால் நாட்டைக் கடந்து, பிரிட்டனின் வடகோடியில் ஜெர்மானியப் பெயர் கொண்ட ஒரு சாதாரணச் சிப்பாயின் கஞ்சியில் விழுந்திருக்கிறது. பிரபுக்களின் விருந்து மேசைக்கு மட்டுமே மிளகு போனது என்ற எண்ணத்தை இந்த ஒரு வரி உடைத்துவிடுகிறது.

கி.பி. 105-இல் பட்டாவியர்களுக்கு டானூப் நதிப் பக்கம் போக உத்தரவு வந்தது. டிராஜன் பேரரசர் டாசியாமீது (இன்றைய ருமேனியா) இரண்டாம் முறை படையெடுத்த நேரம். மூட்டை கட்டினார்கள், வேண்டாத ஏடுகளை வெளியே குவித்துத் தீ வைத்தார்கள். நனைந்த ஏடுகளோ மழையோ அந்தத் தீயை முழுமையாக எரிய விடவில்லை. ஓரம் கருகிய நூற்றுக்கணக்கான ஏடுகள் அப்படியே கிடக்க, அடுத்து வந்தவர்கள் அவற்றின்மேல் களிமண்ணைக் கொட்டினார்கள். செரியாலிஸின் வீட்டுக் கோழிக் கணக்கும், விடுப்புக் கேட்ட விண்ணப்பங்களும், "எனக்கு ஒரு கடிதம்கூட எழுதாத பாவி" என்று சொலெம்னிஸ் தன் நண்பன் பாரிஸைத் திட்டிய கடிதமும் தங்கியது அந்தக் களிமண்ணாலும் ஈரத்தாலும்தான்.

எழுத்துக்கு நிகராகச் செருப்புகளையும் சொல்ல வேண்டும். 5,000-க்கும் மேற்பட்ட தோல் செருப்புகளும் காலணிகளும் கிடைத்திருக்கின்றன. ரோமானியப் பேரரசின் வேறெந்த இடத்திலும் இவ்வளவு கிடைத்ததில்லை. சிப்பாய்கள் பணிக்காலத்தில் சட்டப்படி மணம் செய்துகொள்ளக் கூடாது என்பது விதி. ஆகவே கோட்டைக்குள் ஆண்கள் மட்டுமே இருந்தார்கள் என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். எலிசபெத் கிரீன் என்ற ஆய்வாளர் செருப்புகளை அளவு வாரியாக, கிடைத்த அறை வாரியாகப் பிரித்துப் பார்த்தார். தலைவரின் மாளிகையில் மட்டுமன்றி, சாதாரணச் சிப்பாய்களின் குடியிருப்பு அறைகளிலும் பெண்களின் செருப்புகளும் குழந்தைகளின் செருப்புகளும் கிடந்தன. நடை பழகும் வயதுக் குழந்தையின் செருப்புகூட இருக்கிறது. சட்டம் என்ன சொன்னது என்பதை நூல்களில் படிக்கலாம். ஊர் எப்படி வாழ்ந்தது என்பதைக் காலணி சொல்லிவிட்டது.

பிற்காலக் கல் கோட்டைகளை விரைவாகக் கடக்கிறேன். அவை முக்கியமில்லை என்பதால் அல்ல. மேலடுக்குகளில் காற்றுப் புகுந்து, தோலும் மரமும் பெரும்பாலும் போய்விட்டன. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், செவெரஸ் பேரரசர் ஸ்காட்லாந்து மேல் படையெடுத்த காலத்தில், ரோமானியப் பாணிக்குச் சற்றும் பொருந்தாத வட்டக் குடிசைகள் இங்கே வரிசை வரிசையாக எழுந்தன. வடக்கிலிருந்து அடைக்கலம் தேடி வந்த குடும்பங்கள் என்று சிலரும், பிடித்து வைத்த பிணையாளிகள் அல்லது கட்டாய வேலையாட்கள் என்று சிலரும் சொல்கிறார்கள். வட்டக் குடிசை உள்ளூர் பிரிட்டன் மக்களின் வீடு. ரோமானிய அளவுகோலால் அளந்து வரிசை கட்டியது யாரோ ஒரு படைப் பொறியாளர். இரண்டும் சேர்ந்த காட்சி எனக்கு ஒரு முகாமைத்தான் நினைவூட்டுகிறது. சில ஆண்டுகளில் அவற்றை இடித்துவிட்டு, 213 வாக்கில் புதுக் கோட்டை கட்டினார்கள். அதற்குள் அன்றைய சிரியாவின் தோலிகே ஊர்க் கடவுளான ஜூபிடர் தோலிகேனஸுக்கு ஒரு கோயில் இருந்தது 2009-இல் தெரிய வந்தது. பீடம் எடுத்தவர் கால் நாட்டவர் பிரிவின் தலைவர் சுல்பிசியஸ் புடென்ஸ். சிரியாவின் கடவுளை, பிரான்ஸிலிருந்து வந்த படை, ஸ்காட்லாந்தின் வாசலில் வணங்கியிருக்கிறது.

2010-இல் ஒரு படை அறையின் மூலையில் மேலோட்டமான குழி ஒன்றில் ஒரு குழந்தையின் எலும்புக்கூடு கிடைத்தது. வயது எட்டிலிருந்து பத்துக்குள் இருக்கும். ரோமானியச் சட்டப்படி பிணத்தைக் குடியிருப்புக்கு வெளியேதான் அடக்க வேண்டும். அறைத் தரைக்குக் கீழே புதைத்தவர் எதையோ மறைத்திருக்கிறார். பல்லின் எனாமலை ஆராய்ந்தபோது, அந்தக் குழந்தை சிறுவயதை மத்தியதரைக் கடல் பகுதியில் கழித்திருந்தது தெரிந்தது. அவ்வளவு தொலைவிலிருந்து வந்து, யாரும் அறியாமல் இறந்து, அந்த அறையில் பிறகும் ஆட்கள் படுத்து எழுந்த தரைக்கு அடியில் பதினேழு நூற்றாண்டுகளுக்கு மேல் கிடந்திருக்கிறது.

ரோம ஆட்சி ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனைக் கைவிட்டபின்னும் விண்டோலாண்டா காலியாகிவிடவில்லை. பிரிகோமாக்லோஸ் என்ற கெல்டியப் பெயர் கொண்ட கிறித்தவக் கல்லறைக் கல்லும், கிறித்தவக் குறியீடுகள் கீறிய ஈயக் கிண்ணத்தின் துண்டுகளும் பின்னும் அங்கே மக்கள் வாழ்ந்ததைக் காட்டுகின்றன. சம்பளம் நின்றுபோனது, ஊர் நிற்கவில்லை.

இதை இவ்வளவு விரிவாக எழுதியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் களிமண் மூடியின் கீழ் இருக்கும் ஈரம் நிரந்தரமானது என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். இப்போது கோடைகள் கடுமையாகின்றன. சதுப்பு நிலம் காய்ந்து அமுங்குகிறது. வெடிப்புகள் வழியே ஆக்சிஜன் இறங்குகிறது. மேற்கே சில கிலோமீட்டர் தள்ளி, இதே அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ள மாக்னா கோட்டையில் இது கண்கூடாகத் தெரிந்ததால், 2023-இல் அங்கேயும் அகழாய்வைத் தொடங்கிவிட்டார்கள். மண்ணுக்குள் கருவிகளை இறக்கி ஈரத்தையும் ஆக்சிஜனையும் அளந்துகொண்டே தோண்டுகிறார்கள். விண்டோலாண்டாவிலும் பெரும்பகுதி இன்னும் தோண்டப்படவில்லை. கீழே இன்னும் எத்தனையோ ஏடுகள் மடித்தபடியே கிடக்கின்றன. அவற்றை மூடியிருக்கும் சேறு மெல்ல உலர்ந்துகொண்டிருக்கிறது.